அணைக்க மறந்தது, அணைத்ததை மறந்தது

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் எல்லாரிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. ஸ்டொப், ரிமெம்பர், ஃபொகெட், ட்ரை, ரிக்ரெட், கோ ஒன். இந்த வினைகளுக்குப் பின்னால் 'டு' வந்தால் ஓர் அர்த்தம், 'இங்' வந்தால் வேறோர் அர்த்தம் என்று கொப்பியில் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருப்பார்கள். கேட்டால் வாய்ப்பாடு மாதிரி ஒப்புவிப்பார்கள். ஒப்புவித்த சூட்டோடு, 'சின்னத்துரை அம்மாவோடு பேசுவதற்காக மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் 'ஸ்டொப்ட் டோக்கிங்' என்று எழுதித் தருவார்கள். சின்னத்துரை பேச்சையே நிறுத்திவிட்டார். அம்மா பாவம், கொழுந்துக் கூடையோடு ரோட்டோரத்தில் நிற்கிறார்.

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் நகரத்தில் ஒரு கடையின் மாடியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். டிக்கோயா, நோர்வூட், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகள்தான் அதிகம். பட்டியல் மேல் எனக்குப் பெரிய கோபம் ஒன்றும் இல்லை. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி அது உதவும். ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கிற வித்தியாசம் முக்கால்வாசி இந்தப் பிள்ளைகளின் வாயிலேயே இருக்கிறது என்பதை ஒருத்தரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. லயத்து வரிசை வீடுகளின் பீலிக்கரையில் தண்ணீருக்குச் சண்டை பிடிக்கும்போது ஒரு பிசகும் இல்லாமல் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலக் கொப்பியைத் திறந்ததும் அதே விசயம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த நுட்பம் மாதிரி ஆகிவிடுகிறது.

"லைட்ட அணைக்க மறந்துட்டேன்." "லைட்ட அணைச்சத மறந்துட்டேன்." இரண்டையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, எதுக்கு வீட்டில் ஏச்சு விழும் என்று கேட்பேன். ஒரு நொடிகூட ஆகாது, முதலாவதுக்கு என்று வகுப்பே கத்தும். இரண்டாவதுக்கு என்ன நடக்கும்? "பாதி தூரம் போயிட்டு, அணைச்சனா இல்லையான்னு திரும்ப மேட்டுல ஏறி வந்து பாத்தா, லைட்டு அணைஞ்சிதான் இருக்கும் சேர்." அவ்வளவுதான். முதலாவது 'ஃபொகொட் டு', இரண்டாவது 'ஃபொகொட் இங்'. இதை விளக்க இலக்கண நூல் ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளும். மேடேறித் திரும்பி வந்த கால் ஒரு வரியில் விளக்கிவிடுகிறது.

தமிழில் இது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால், தமிழ்ப் பாடத்தில் பிள்ளைகள் கொட்டாவி விடுகிற இடத்தில்தான். வினையெச்ச வாய்பாடுகள் என்று தொல்காப்பியம் ஒன்பதைச் சொல்கிறது. என் வகுப்புக்கு அதில் இரண்டு போதும்: 'செய', 'செய்து'. 'செய' என்று வருகிறபோது காரியம் பெரும்பாலும் இன்னும் நடக்கவில்லை, நடக்க வேண்டும் என்ற நினைப்புதான் முன்னால் நிற்கிறது. 'செய்து' என்றால் முடிந்துவிட்டது. அணைக்க, சொல்ல, போட என்பவை 'டு' பக்கம். அணைத்து, அணைத்தது, சொன்னது என்று நடந்ததையே ஒரு பொருளாகப் பிடித்துப் பேசுவது 'இங்' பக்கம். இந்தப் பொருத்தம் எல்லா இடத்திலும் செல்லாது, போகப் போகச் சொல்கிறேன். ஆனால் பட்டியலில் இருக்கிற வினைகளுக்கு ஆச்சரியப்படும் அளவுக்குச் செல்லும்.

ரிக்ரெட்டைப் பாருங்கள். வேலைக்கு விண்ணப்பித்த பையன்களுக்கு வருகிற கடிதங்கள் 'வீ ரிக்ரெட் டு இன்ஃபோர்ம் யூ' என்றுதான் தொடங்கும். 'சொல்லவே வருத்தமா இருக்கு' என்பது அது. சொல்லப் போகிறார்கள், இன்னும் சொல்லவில்லை. 'வீ ரிக்ரெட் இன்ஃபோர்மிங் யூ' என்று ஒரு கம்பெனி எழுதினால், 'உங்கக்கிட்ட சொன்னதுக்கு இப்ப வருத்தப்படுறோம்' என்று ஆகிவிடும். அப்படி ஒரு கடிதம் வந்தால் பையன் உடனே பஸ் ஏறிப் போய் ஏன் என்று கேட்க வேண்டியதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது ட்ரை. 'ஜன்னல திறக்கப் பாத்தேன்', 'ஜன்னல திறந்து பாத்தேன்' என்ற இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்! நுவரெலியாப் பக்கத்து மழையில் ஊறிய ஜன்னல் பலகை உப்பிப்போய் இருக்கிறது. இழுக்கிறேன், குத்துகிறேன், திறக்கவில்லை. இது 'ட்ரைட் டு ஓப்பன்'. அதே காம்பராவில் விறகடுப்புப் புகை கண்ணைக் கரிக்கிறது. ஜன்னலைத் திறந்தாலாவது புகை போகுமா என்று திறக்கிறேன். ஜன்னல் சுலபமாகத் திறந்துவிட்டது, புகைதான் போகவில்லை. இது 'ட்ரைட் ஓப்பனிங்'. முதலாவதில் ஜன்னலே பிரச்சினை. இரண்டாவதில் ஜன்னல் மருந்து. குணம் தெரிகிறதா என்று பார்க்கிறோம்.

ஆங்கிலம் இரண்டு இடத்திலும் 'ட்ரை' என்ற ஒரே சொல்லைப் போடுகிறது. நாமும் இரண்டு இடத்திலும் 'பார்' என்ற ஒரே சொல்லைத்தான் போடுகிறோம். வித்தியாசம் அங்கேயும் ஒட்டில்தான், இங்கேயும் எச்சத்தில்தான். ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே மூலையில் ஒரே மாதிரித் திரும்புவதைக் காணும்போது எனக்கு உள்ளூர ஒரு சந்தோசம் வரும். பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றும் வருவதில்லை. "அப்ப 'சாப்பிட்டுப் பாத்தேன்'னா ட்ரைட் ஈட்டிங்கா சேர்?" என்று கேட்டுவிட்டு எழுதிக்கொள்வார்கள். ஆமாம். 'ஐ ஏட் அன்ட் ஸோ' என்று எழுதாத வரைக்கும் எனக்கு நிம்மதி.

வெள்ளைக்காரர்களும் பேச்சில் சில நேரம் இரண்டையும் கலந்து விடுவார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் சொல்வது கவனமாக எழுதப்பட்ட ஆங்கிலத்தைப் பற்றி.

ஸீ என்ற வினையில் இன்னொரு மாதிரி. இங்கே தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. 'ஐ ஸோ எ லெப்பர்ட் குரொஸ் த ரோட்' என்று ஒருத்தன் சொன்னால் அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த வரைக்கும் பார்த்திருக்கிறான். 'குரொஸிங்' என்று சொன்னால் நடுரோட்டில் பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு அது எந்தப் பக்கம் போனது என்று அவனைக் கேட்டுப் பிரயோசனமில்லை. காலையில் அந்த மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவர்களுக்கு இந்த 'இங்' முக்கியம்.

பரீட்சை முடித்து வேலை தேடுகிற வயதில் இருப்பவர்கள் விண்ணப்பத்தைத் திருத்தித் தரச் சொல்லிக் கொண்டுவருவார்கள். அதில் அடிக்கடி வருகிற ஒரு வாக்கியம்: 'ஐ யூஸ்ட் டு வேர்க் ஹார்ட்'. எழுதியவன் சொல்ல வந்தது, கஷ்டப்பட்டு உழைத்துப் பழகினவன் நான் என்பது. எழுதியிருப்பதோ, ஒரு காலத்தில் நல்லா உழைச்சேன், இப்ப விட்டுட்டேன் என்பது. கொழும்பில் ஹோட்டல் நடத்துகிறவர் அதைப் படித்து, இவ்வளவு நேர்மையான பையனா என்று வியந்தாலும் வியப்பார். வேலை கிடைக்காது.

வேண்டியது 'ஐ ஆம் யூஸ்ட் டு வேர்க்கிங் ஹார்ட்'. இதில் வருகிற 'டு' வேறு டு. 'குளிருக்குப் பழகிட்டேன்' என்கிறோமே, அந்த 'க்கு' அது. நான்காம் வேற்றுமை. அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பார்க்கச் சொல்வேன். 'யூஸ்ட் டு த கோல்ட்', குளிருக்கு. 'யூஸ்ட் டு த ரெயின்', மழைக்கு. 'யூஸ்ட் டு வேர்க்கிங்', வேலை செய்யிறதுக்கு. பெயர் உட்காருமென்றால் 'இங்' போடு, உட்காராவிட்டால் போடாதே. 'கெட் யூஸ்ட் டு' என்றால் இன்னும் பழகி முடியவில்லை, பழகிக்கொண்டு வருகிறோம். தலவாக்கலையிலிருந்து கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன பையன்கள் முதல் மாதம் போனில் சொல்வதெல்லாம் கெட்தான். வெக்கை, நுளம்பு, சிங்களம்.

இனி அந்த முதலாவது யூஸ்ட் டு. பழைய வழக்கத்தைச் சொல்வதற்குத் தமிழ் எதைப் பயன்படுத்துகிறது என்று பிள்ளைகளைக் கேட்டால், இறந்தகாலம் என்பார்கள். வீட்டில் அப்பாயி பேசுவதைக் கேட்டுவிட்டு வரச் சொல்வேன். "அப்பல்லாம் எங்கம்மா விடியுமுன்ன எந்திரிப்பாங்க. ரொட்டி சுடுவாங்க. புள்ளைய மடுவத்துல விட்டுட்டுப் பெரட்டுக்கு ஓடுவாங்க." (மடுவம் என்பது பிள்ளைக் காப்பகம், பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம்.) எந்திரிப்பாங்க, சுடுவாங்க, ஓடுவாங்க. எல்லாம் எதிர்காலம்! ஆளோ இறந்து பல காலம். ஆங்கிலமும் இதையே செய்கிறது: 'ஷி வுட் கெட் அப்', 'ஷி வுட் ரன்'. வில்லின் இறந்தகாலமான வுட்டைத்தான் பழைய வழக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறது. யூஸ்ட் டு போட்டாலும் சரி, வுட் போட்டாலும் சரி, இந்த இடத்தில் ஒன்றுதான்.

ஆனால் இங்கேயே ஒரு குழியும் இருக்கிறது. "அப்பல்லாம் ஸ்டோருக்குப் பக்கத்துல ஒரு பெரிய மரம் இருக்கும்" என்று அப்பாயி சொல்லலாம். ஆங்கிலத்தில் 'தேர் வுட் பீ எ பிக் ட்ரீ' என்று அதை எழுத முடியாது. வுட், திரும்பத் திரும்பச் செய்த காரியத்துக்கு மட்டும். அசையாமல் ஓரிடத்தில் நின்றதற்கு 'தேர் யூஸ்ட் டு பீ' தான். அப்பாயியின் வாக்கில் மரமும் நடமாடுகிறது, ஆங்கிலத்தில் மரம் மரமாகத்தான் நிற்க வேண்டும். தமிழ்க் காதை நம்பச் சொல்லிக் கொடுக்கிற நானே, இந்த இடம் வந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன்.

காதைப் பொத்த வேண்டிய இன்னோர் இடம் 'ஹேஸ் பீன்', 'ஹேஸ் கோன்'. 'அவரு கொழும்புக்குப் போயிருக்காரு' என்று சொன்னால், இப்போது கொழும்பில் இருக்கிறார் என்றும் ஆகும், எப்போதோ போய் வந்திருக்கிறார் என்றும் ஆகும். எது என்று பேச்சின் இடம்தான் சொல்லும். சந்தேகம் வந்தால் 'போயிட்டு வந்திருக்காரு' என்று ஒரு வினையைக் கூட்டிக்கொள்வோம். ஆங்கிலத்தில் கூட்ட வேண்டியதில்லை, வினையையே மாற்றிவிடுகிறார்கள். பீன் என்றால் போய் வந்தாயிற்று. கோன் என்றால் ஆள் இன்னும் அங்கேதான்.

வீட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளை 'மை மதர் ஹேஸ் பீன் டு குவைத்' என்று தொடங்கியிருந்தாள். இலக்கணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாத வாக்கியம். வேறு ஆசிரியர் திருத்தியிருந்தால் சரி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார். எனக்கு அந்த வீடு தெரியும். அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவர், இன்னும் வரவில்லை. பிள்ளை அம்மாயியோடு இருக்கிறாள். அந்த வாக்கியத்தின்படி அம்மா எப்போதோ திரும்பி வந்து இப்போது அடுப்படியில் இருக்கிறார்.

'பீன்' என்பதை வெட்டி 'கோன்' என்று எழுதி, ஏன் என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "கோன்னா செத்துப் போறதுக்கும் சொல்லுவாங்கதானே சேர்?" சொல்வார்கள்தான். 'ஷி இஸ் கோன்' என்று அதோடு நிறுத்தினால் அப்படியும் ஒரு பொருள் வரும். 'டு குவைத்' என்று ஊர்ப் பெயர் பின்னால் நிற்கிற வரைக்கும் அந்தப் பொருள் வராது என்று விளக்கினேன். "அப்ப ஊர் பேர விடாம எழுதணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குவைத்தின் கீழே ஒரு கோடு போட்டுக்கொண்டாள். இந்த விதியை அந்தப் பிள்ளை மறக்க மாட்டாள்.

நம் ஆட்களுக்கு 'போ' என்ற வினை மேலேயே ஒரு பயம் இருக்கிறது. அதனால்தான் வீட்டை விட்டு இறங்கும்போது 'போயிட்டு வாரேன்' என்கிறோம். இலங்கையில் தமிழர் சிங்களவர் எல்லாருமே இதை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோய், 'ஐ வில் கோ அன்ட் கம்' என்று சொல்வார்கள். லண்டனிலிருந்து வந்தவர் இதைக் கேட்டால், இவர் திரும்பி வரும்வரை நான் இங்கேயே காத்திருக்க வேண்டுமோ என்று குழம்புவார். 'கெட் டவுன்' என்பதும் இப்படித்தான். பஸ்ஸிலிருந்து அவர்கள் 'கெட் ஓஃப்', நாம் 'கெட் டவுன்'. கொழும்பிலிருந்து சாமான் தருவிப்பதற்கும் நமக்கு கெட் டவுன்தான், இறக்குவது. பரீட்சைத் தாளில் ஓஃப் எழுதுங்கள், பஸ்ஸில் டவுன் சொல்லுங்கள், கண்டக்டருக்கு அதுதான் விளங்கும் என்பது என் கட்சி. இலங்கை ஆங்கிலத்தைப் பிழை என்று சொல்கிற சிலரோடு இந்த விசயத்தில் எனக்கு ஒத்துப்போகாது.

பரீட்சைக்கு வெளியே ஒரு வினைத்தொடர் எவ்வளவு கனக்கும் என்பதைக் கடிதங்களில்தான் பார்க்கலாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. காகிதத்தில் அது நல்ல ஏற்பாடு. நடைமுறையில், மேலிடத்துக்கு ஒரு முறைப்பாடு போக வேண்டுமென்றால் 'இங்கிலீசுல எழுதினாத்தான் படிப்பாங்க' என்று தோட்டத்தில் இன்னமும் நம்புகிறார்கள். எழுதித் தரச் சொல்லி உயர்தரம் படிக்கிற பிள்ளைகளிடம் வருவார்கள், பிள்ளைகள் என்னிடம் வருவார்கள்.

அப்படி ஒரு கடிதம் வந்தது. எந்தத் தோட்டம் என்று சொல்லப் போவதில்லை. பின்னேரம் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நிறுக்க வேண்டியவர் உள்ளே போய்விட்டார். பெண்கள் நனைந்துகொண்டு வெகுநேரம் நின்றார்கள். அவர்கள் சொன்னது: "எங்கள மழையில நிக்க விட்டுட்டாரு." பையன் எழுதியது: 'ஹி லெட் அஸ் ஸ்டான்ட் இன் த ரெயின்'.

சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் ஆங்கிலத்தின் 'லெட்' பெரும்பாலும் அனுமதி கொடுப்பது. எங்களுக்கு மழையில் நிற்க ஆசை, ஐயா பெரிய மனசு பண்ணி விட்டார் என்று கூட அதைப் படிக்க முடியும். நம்முடைய 'விடு' அதைவிடப் பெரிய வினை. போக விட்டாரு என்றால் அனுமதி. நடுவழியில விட்டுட்டாரு என்றால் கைவிட்டது. பட்டினி கிடக்க விட்டாரு என்றால் குற்றச்சாட்டு. ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் தனித்தனி வினை எடுக்க வேண்டும். 'மேட் அஸ் ஸ்டான்ட்' என்றால் கட்டாயப்படுத்தி நிற்க வைத்தார். 'லெஃப்ட் அஸ் ஸ்டான்டிங்' என்றால் நிற்கிற நிலையில் விட்டுவிட்டுப் போனார். 'கெப்ட் அஸ் ஸ்டான்டிங்' என்றால் நிறுத்தி வைத்தார். மூன்றும் முறைப்பாடுதான், ஆனால் மூன்றும் வேறு வேறு குற்றம். 'மேட்' என்று எழுதினால் அவர் வாயால் உத்தரவிட்டார் என்று நாங்கள் சொன்னதாகும். விசாரணையில், நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று அவர் கையை விரித்துவிடலாம்.

ஆகவே வந்திருந்த அக்காவிடமே கேட்டேன்.

"போகாதீங்க, நில்லுங்கன்னு சொன்னாரா?"

"சொல்லல சேர்."

"அப்ப ஏன் போகல?"

"நிறுக்காம எப்படிப் போறது? கூடையில இருக்கிற கிலோ எல்லாம் போயிருமே. அரை பேர் போட்டுட்டாங்கன்னா?"

அரை பேர் என்றால் அரை நாள் சம்பளம். ஆக, உத்தரவு இல்லை; ஆனால் போகவும் முடியாது. அந்த அக்கா பாடசாலையில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அவர் சொன்ன பதிலில் 'கெப்ட்' என்ற வினை முழுசாக இருந்தது. 'ஹி கெப்ட் அஸ் ஸ்டான்டிங் இன் த ரெயின் பை நொட் வெயிங் த லீஃப்' என்று எழுதினோம். பையனுக்கு 'மேட்' தான் பிடித்திருந்தது, அதில் காரம் கூட என்றான். காரம் கூடத்தான். உண்மை கொஞ்சம் குறைவு. முறைப்பாட்டில் உண்மை குறைந்த இடத்தில்தான் எதிராளி கை வைப்பான்.

மேக், லெட், ஹேவ், கெட் என்ற நான்கையும் நான் தோட்டத்தை வைத்தே சொல்லிக் கொடுப்பேன். மேக் என்றால் செய்ய வைப்பது, எதிர்த்துப் பேச இடமில்லை. லெட் என்றால் செய்ய விடுவது. ஹேவ் என்றால் சொல்லிச் செய்விப்பது. சொன்னால் நடக்கும் என்ற அதிகாரம் இருப்பவருக்கே அது பொருந்தும், 'த மெனேஜர் ஹேட் தெம் கிளீன் த ட்ரெயின்ஸ்'. கெட் என்றால் பேசி, கெஞ்சி, ஆசை காட்டிச் செய்ய வைப்பது. தொழிலாளி துரையிடம் ஒரு காரியம் ஆக்கிக்கொள்வதும் கெட் தான். கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் ஹேவ் போட முடியாது. கெட்டுக்குப் பின்னால் மட்டும் 'டு' வருவதை இந்தக் கெஞ்சலோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். இலக்கண ஆதாரம் எதுவும் இல்லாத சூத்திரம், ஆனால் வேலை செய்கிறது. மேக்கும் செயப்பாட்டு வினையானால் 'டு'வைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளும்: 'வீ வேர் மேட் டு ஸ்டான்ட்'.

கடிதத்துக்குப் பதில் வந்தது. 'வீ வில் லுக் இன்டு த மெட்டர்.' பையன் சந்தோசப்பட்டான். 'லுக் அட்' என்றால் சும்மா பார்ப்பது, 'லுக் இன்டு' என்றால் உள்ளே போய் விசாரிப்பது என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அக்கா தமிழில் என்னவென்று கேட்டார். "பாக்கிறோம்னு எழுதியிருக்காங்க" என்றான். அக்கா சிரித்தார். எந்த இலக்கண நூலும் கொடுக்காத பொருளை அந்த 'பாக்கிறோம்' அவருக்குக் கொடுத்துவிட்டது. 'ஓவர்லுக்' என்று இன்னொரு வினையும் இருக்கிறது, கண்டும் காணாமல் விடுவது. பதிலில் அதைப் போட்டிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும்.

சாமுவேல் ஜோன்சன் 1755இல் அகராதியை வெளியிட்டபோதே, வினைக்குப் பின்னால் ஒட்டுகிற இந்தத் துணுக்குகள்தான் வெளியாருக்குப் பெரிய கஷ்டம் என்று முன்னுரையில் எழுதிவைத்தார். இன்டு, அட், ஓவர், ஓஃப், பேக். வெளியாருக்குக் கஷ்டம் என்று அவர் சொன்னது படித்து விளங்கிக்கொள்வதைப் பற்றி. 'பேக்' என்ற துணுக்கால் இந்த மலைநாடு பட்ட கஷ்டம் வேறு.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்தன. இதைப் பற்றி எழுதச் சொன்னால் பிள்ளைகள் 'தே வேர் ஸென்ட் பேக் டு இந்தியா' என்று எழுதுவார்கள். புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் அப்படித்தான் இருக்கிறது, அவர்கள்மேல் குறை இல்லை. அந்தப் 'பேக்'கை மட்டும் வட்டமிட்டுவிட்டு, போனவர்களில் எத்தனை பேர் இந்தியாவில் பிறந்தவர்கள் என்று கேட்பேன். பெரும்பாலானவர்கள் இங்கே பிறந்தவர்கள். தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்றுகூடச் சிலருக்குத் தெரியாது. கோச்சியேறித் தலைமன்னார் போய், அங்கே கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் கண்ணால் காணாத ஒரு நாட்டுக்குத்தான் போனார்கள். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறியவர்களை அங்கே 'சிலோன்காரங்க' என்றுதான் கூப்பிட்டார்கள். 'ஸென்ட்' என்பது நடந்தது. 'ஸென்ட் பேக்' என்பது, அவர்கள் எந்த மண்ணுக்குச் சொந்தம் என்று யாரோ ஏற்கனவே தீர்மானித்துவிட்டது. 'ரீபேட்ரியேஷன்' என்ற அரசாங்கச் சொல்லின் முன்னால் நிற்கிற 'ரீ' செய்வதும் அதே வேலைதான்.

வந்த கதையிலும் இந்தச் சிக்கல் உண்டு. தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியது 1823இல் என்று வைத்து, 2023இல் இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் மக்கள் நடந்தார்கள். அந்த வருசம் வகுப்பில் எல்லாரும் அதைப் பற்றித்தான் எழுதினார்கள். பாதிப் பேர் 'தே கேம்' என்று, பாதிப் பேர் 'தே வேர் புரோட்' என்று. சண்டையும் வந்தது. 'கேம்' என்றால் தாமாகவே வந்தார்கள் என்று ஆகிறது, பஞ்சமும் ஆள் சேர்க்க வந்த கங்காணி கொடுத்த முன்பணக் கடனும் எங்கே போனது என்று ஒரு பக்கம். 'புரோட்' என்றால் மூட்டை மாதிரித் தூக்கி வந்தார்கள் என்று ஆகிறது, எங்க ஆளுங்க நடந்துதானே வந்தாங்க என்று மறுபக்கம். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் காட்டினேன்: நம் வரலாற்று நூல்களில் 'கொண்டுவரப்பட்டார்கள்' என்று இருக்கும். பேச்சுத் தமிழில் சாமானைத்தான் கொண்டு வருவோம், ஆளைக் கூட்டி வருவோம். ஆங்கிலத்தின் பிரிங் இரண்டுக்கும் பொது. அதை அப்படியே தமிழுக்கு இறக்கியதில் மனிதர்கள் சாமான்களோடு சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் கேட்டால் "கங்காணி கூட்டியாந்தாரு" என்றுதான் சொல்வார்கள். அதில் வந்தவர்களும் நடக்கிறார்கள், முன்னால் நடப்பவன் யார் என்பதும் தெரிகிறது.

பட்டியலில் கடைசியாக இருப்பது கோ ஒன். இதற்கும் தமிழ் கையிலேயே இருக்கிறது. மே தினக் கூட்டத்தில் 'பேசிக்கிட்டே போனாரு' என்கிறோமே, அது 'வென்ட் ஒன் டோக்கிங்', நிறுத்தவே இல்லை. 'வென்ட் ஒன் டு' என்றால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. ஆசிரியராக இருந்தார், பிறகு அதிபரானார், 'வென்ட் ஒன் டு பிகம் எ பிரின்சிபல்'. விளக்கிவிட்டு, தெரிந்த ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். ஒரு பையன் தங்கள் பக்கத்து அரசியல்வாதி ஒருவரைப் பற்றி எழுதியிருந்தான்: 'ஹி வென்ட் ஒன் பிகமிங் எ மினிஸ்டர்'.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'டு பிகம்' என்று திருத்தத் தொடங்கும்போதே பையன் எழும்பிவிட்டான்.

"இல்ல சேர். எந்த ஆட்சி வந்தாலும் அவரு ஆகிக்கிட்டேதானே இருக்காரு."

முழுப் புள்ளி கொடுத்தேன்.